தரைத் தகடு மாற்றிய காருக்குச் சீலர்: எதை அடைப்பது, எதைத் திறந்து விடுவது

வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பா ஓடிய 1959 ஆம் ஆண்டு மொரிஸ் மைனர் 1000. கறள் தின்று முடித்த முன்பக்கத் தரைத் தகடுகள் இரண்டையும் வெட்டி எடுத்து, புதிய தகடு வைத்து மிக் வெல்டிங் பிடித்தாயிற்று. கார் இப்போது வெறும் இரும்போடு கராஜில் நிற்கிறது. டிங்கர் பாஸ் சொல்கிறாராம்: “பொருத்துக்கு மேலே பட்டி இழுத்து, கீழே தார் அடித்து விடுகிறேன், இருபது வருஷத்துக்குப் பார்க்கத் தேவையில்லை.” கூட்டாளி ஒருவர், குளியலறைக்குப் பூசும் சிலிக்கன் டியூப் இரண்டு போதும் என்கிறாராம். வீடியோக்களில் ஒருவர் வெறும் இரும்பில் சீலர் (தகடுகள் சேரும் பொருத்தை மூடுகிற, இறப்பர் மாதிரி இறுகும் களிம்பு) பூசுகிறார், இன்னொருவர் பிரைமருக்கு (பெயின்டுக்கு முந்திய அடிப்பூச்சு) மேலே பூசுகிறார். எதைக் கேட்பது? மேலே மட்டும் பூசினால் போதுமா, கீழேயும் வேண்டுமா?

அவசரக்காரருக்குப் பதில்: முதலில் எபொக்சி பிரைமர், அதற்கு மேலே சீலர், அதற்கு மேலே பெயின்ட். மேலும் கீழும் இரண்டு பக்கமும். பட்டி (நெளிவு நிரப்பப் பூசுகிற, கல்லாக இறுகும் நிரப்பி) வேண்டாம். சிலிக்கன் வேண்டவே வேண்டாம். தண்ணீர் இறங்கவென்று கம்பெனிக்காரன் விட்ட வழிகளை மட்டும் அடைக்காதீர்கள். ஏன் என்று தெரிந்து செய்ய விரும்புகிறவர்கள் தொடர்ந்து படிக்கலாம், கொஞ்சம் நீளம்தான்.

தரைத் தகட்டை யாரும் ஓரம் முழுக்க ஒரே கோடாக வெல்ட் பிடிப்பதில்லை. பிடித்தால் சூட்டில் தகடு அப்பளம் மாதிரி நெளிந்துவிடும். பழைய தகட்டின் ஓரத்தில் புதியதை ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் ஏற்றி வைத்து, துளையிட்டுப் புள்ளி புள்ளியாகவோ, ஓர் அங்குலம் பிடித்து ஓர் அங்குலம் விட்டோதான் பிடிப்பார்கள். அது சரியான வேலைதான், பலத்துக்கு அது போதும். ஆனால் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையில் இரண்டு தகடுகள் ஒன்றின் மேல் ஒன்று சும்மா கிடக்கின்றன. நடுவில் தலைமயிர் நுழைகிற இடுக்கு. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அந்த இடுக்கு தண்ணீரை இழுக்கும். மேல் நோக்கியும் இழுக்கும், புவியீர்ப்பு அதற்கு ஒரு பொருட்டே இல்லை. உள்ளே போன தண்ணீர் வெயிலில் காயாது, காற்றுப் படாது. காற்றுப் படாவிட்டால் கறள் பிடிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. இடுக்கின் வாயில் ஒட்சிசன் இருக்கிறது, அடியில் இல்லை. இந்த வித்தியாசமே ஒரு சின்ன பற்றரி மாதிரி வேலை செய்து, அடியில் இருக்கிற இரும்பைக் கரைக்கும். அதோடு உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மரைன் டிரைவ் பக்கம் இரவில் நிறுத்துகிற கார் என்றால் காலையில் கண்ணாடியில் விரலால் இழுத்துப் பாருங்கள், பிசுபிசுப்பாக வருவது பாதி கடல். அந்தப் பிசுபிசுப்புத்தான் காருக்கு அடியிலும் படிகிறது.

ஆக, சீலர் என்பது தகடுகளை ஒட்டுகிற பசை அல்ல. வெல்டில் விட்ட குறையை மறைக்கிற பூச்சும் அல்ல. இடுக்கின் வாயை மூடுகிற மூடி, அவ்வளவுதான். மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்து நிற்கிற இடம் இருந்தால் அது சீலர் வேலை இல்லை, திரும்ப வெல்டிங் வேலை. மைனரில் இதை இன்னும் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். அதற்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் வந்து பிடிக்கிற குறுக்குச் சட்டம் அந்தத் தரைக்கு அடியில்தான் இருக்கிறது. அந்த மூலைகளில் வெல்ட் எப்படி இருக்கிறது என்று நீங்களே ரோர்ச் அடித்துப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு சீலர் டியூபை வெட்டுங்கள். பூசிய பிறகு ஏதாவது விட்டுப் போயிற்று என்று திரும்ப வெல்டிங் போட்டால் சீலர் கருகும். அந்தப் புகை சுவாசத்துக்கு மிகவும் கெட்டது.

சரி, இப்போது வெறும் இரும்பு நிற்கிறது என்றீர்கள். எத்தனை நாளாக? இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. நான் தெமட்டகொடையில் கராஜ் ஒன்றில் வேலை பழகிய காலத்தில், மினுங்க மினுங்கக் கிரைண்டர் பிடித்த ஒரு தகட்டைச் சனிக்கிழமை பின்னேரம் அப்படியே விட்டுவிட்டுப் போனேன். போகும்போது “நல்லாத்தான் வந்திருக்கு” என்று உள்ளங்கையால் ஒரு தட்டு. திங்கள் காலை வந்து பார்த்தால், தகடு முழுக்க இலேசான மஞ்சள். நடுவில் என் கை. ஐந்து விரலும், ரேகையோடு, செங்கபில நிறத்தில், அச்சடித்த மாதிரி. வியர்வை உப்பு செய்த வேலை. அதற்குப் பிறகு கிரைண்டர் பிடித்த இரும்பை நான் வெறும் கையால் தொட்டதில்லை. கொழும்பில் காலையில் தேய்த்ததை அன்று மாலைக்குள் பிரைமருக்குள் போட்டுவிட வேண்டும். முடியாது என்றால் அன்று தேய்க்காதீர்கள்.

தேய்ப்பது என்றால் கம்பி பிரஷ் மட்டும் போதாது. மிக் வெல்டிங் பிடித்த கோட்டின் மேலே கூர்ந்து பாருங்கள். பழுப்பு நிறத்தில் கண்ணாடித் துண்டு மாதிரி சின்னச் சின்னத் திட்டுகள் இருக்கும். வெல்டிங் கம்பியில் இருக்கிற சிலிக்கன் என்கிற மூலகம் (குளியலறைச் சிலிக்கன் அல்ல) எரிந்து கசடாக மேலே மிதந்து உறைந்தது அது. அதன் மேலே எந்தப் பெயின்டும் நிற்காது, பிறகு பெயின்டோடு சேர்ந்து உதிரும். சின்ன உளியால் தட்டி எடுங்கள், பிறகு 80 ஆம் நம்பர் தாளால் உராய்ந்து விடுங்கள். தெறித்த குண்டுமணிகளையும் எடுங்கள், அவற்றின் அடியில் சீலர் போகாது. வெல்ட் மேட்டைச் சமப்படுத்தும்போது தகட்டையே மெலிய வைத்துவிடாதீர்கள். அது 0.9 அல்லது 1.2 மில்லிமீட்டர் தகடு. கிரைண்டர் இரண்டு தடவை கூடுதலாக ஓடினால் பாதி போய்விடும். தரை கம்பளத்துக்கு அடியில்தான் இருக்கப்போகிறது. வெல்ட் கொஞ்சம் மேடாகத் தெரிந்தால் என்ன?

புதிய தகட்டில் கறுப்புப் பூச்சு ஒன்று வந்திருக்கும். (மைனருக்கான தகடுகள் 1990களில் இலங்கையிலேயே அடிக்கப்பட்டு இங்கிலாந்துக்குப் போயின என்பது இங்கே பலருக்குத் தெரியாது.) அந்தக் கறுப்பு நல்ல பூச்சா, வழியில் கறள் பிடிக்காமல் இருக்கச் சும்மா அடித்ததா என்று பார்க்க வழி சுலபம். துணியில் தின்னர் தொட்டு ஓர் இடத்தில் அழுத்தித் தேயுங்கள். துணி கறுத்து, இரும்பு தெரிந்தால் முழுவதையும் எடுத்துவிடுங்கள். அசையாவிட்டால் விட்டுவிட்டு மேலே உராய்ந்தால் போதும்.

பிறகு எண்ணெய் எடுப்பது. நம் கராஜ்களில் பெற்றோல் போட்டுத் துடைப்பார்கள். தீ ஆபத்து ஒரு பக்கம் இருக்கட்டும், பெற்றோல் காய்ந்த பிறகு ஒரு மெல்லிய படலத்தை விட்டுப் போகும். பெயின்ட் கடையில் எண்ணெய், மெழுகு எடுக்கவென்றே விற்கிற திரவத்தை வாங்குங்கள். இரண்டு துணி வேண்டும். ஒன்றால் நனைத்து, அது காய்வதற்கு முன்பே மற்றதால் துடைத்து எடுக்க வேண்டும். ஒரே துணியால் செய்தால் அழுக்கை இடம் மாற்றியதோடு சரி. கறளுக்குப் போடும் அமிலத் திரவத்தைப் பொருத்துகளில் ஊற்றாதீர்கள். வெளியே கழுவிவிடலாம், இடுக்குக்குள் போனதைக் கழுவ முடியாது. உள்ளே நின்றுகொண்டு எபொக்சியைப் பிடிக்க விடாது.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. வெறும் இரும்பிலா, பிரைமரிலா?

வெறும் இரும்பிலும் பிடிக்கிற சீலர்கள் இருக்கின்றன, அதனால் அந்த வீடியோக்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் சீலர் செய்யப்பட்டிருப்பது தண்ணீரைத் தடுக்க, கறளைத் தடுக்க அல்ல. வெறும் இரும்பில் பூசிய சீலரின் ஓரத்தில் ஒரு கீறல் விழுந்தால், கறள் அடியால் ஊர்ந்து போய்ச் சீலரைத் தோல் மாதிரி உரித்துவிடும். மேலே பார்த்தால் எல்லாம் நன்றாக இருக்கும், விரலால் தூக்கினால் பட்டையாகக் கையோடு வரும். அடியில் எபொக்சி இருந்தால் கீறல் விழுந்தாலும் கறள் ஊர்வதற்கு வழி இல்லை. பிரைமரிலும் எது என்று பார்க்க வேண்டும். நம்மவர்களுக்குக் கை போவது அன்டிகொரோசிவ் டின்னுக்குத்தான். கேற்றுக்கும் கிறிலுக்கும் அது நல்லது. சீலரில் உள்ள கரைப்பான் பட்டால் அது சுருங்கிக் கிளம்பும். அமிலம் கலந்த எட்ச் பிரைமரும் வேண்டாம், அதற்கு மேலே பல சீலர்கள் சரியாகப் பிடிப்பதில்லை. இரண்டு டின் கலக்கிற எபொக்சிதான் இங்கே வேலைக்கு ஆகும். பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்கினால் வாகனப் பெயின்ட் விற்கிறவர்களிடம் கிடைக்கும்.

முதல் பூச்சை ஸ்பிரே பண்ணாதீர்கள். பொருத்து ஓடுகிற இடமெல்லாம் பிரஷ்ஷால் பூசுங்கள், டின்னில் அனுமதித்திருக்கிற அளவுக்கு இளக்கி. தண்ணீரை இழுக்கிற அதே இடுக்கு பிரைமரையும் இழுக்கும். பிரஷ்ஷைப் பொருத்தின் வாயில் வைத்தால் பிரைமர் மெல்ல உள்ளே போவது கண்ணுக்குத் தெரியும். போதும் போதும் என்று அது நிற்கும் வரை கொடுங்கள். இரண்டு தகடுகளுக்கும் நடுவே இனி நாம் கை வைக்கக்கூடிய ஒரே வழி இதுதான். வெல்டிங்குக்கு முன்பே செய்திருந்தால் துத்தநாகம் கலந்த, வெல்ட் பிடிக்கத் தோதான பிரைமரை இரண்டு தகட்டின் உள்முகத்திலும் அடித்திருக்கலாம். பின்பக்கத் தகடு மாற்றும்போது அதைச் செய்யுங்கள். வெல்ட் விழப்போகிற துளையைச் சுற்றி மட்டும் அதைச் சுரண்டி விடுங்கள், துத்தநாகம் வெல்டில் கலந்தால் தெறிக்கும், நுரைக்கும். வெளியே தெரிகிற பகுதியிலும் எபொக்சிக்கு முன்னர் அதை எடுத்துவிட வேண்டும்.

பொருத்துக்குள் பிரைமர் போன பிறகு மிச்சத்தை ஸ்பிரே பண்ணலாம். நேரத்தைப் பார்த்து. கொழும்பில் 28 பாகை வெப்பம், 85 வீத ஈரப்பதன் என்பது மழைக்காலத்தில் சாதாரணம். அந்த நிலையில் பனிபடுநிலை (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்குகிற வெப்பநிலை) 25 பாகையைத் தாண்டிவிடும். இரும்பு அதைவிடக் குறைந்தது மூன்று பாகை சூடாக இருக்க வேண்டும் என்பது பெயின்ட்காரர்களின் கணக்கு. ஆக, மழை விட்ட மாலையில், சீமெந்துத் தரையில் குளிர்ந்து கிடக்கிற காரில் பெயின்ட் அடித்தால், கண்ணுக்குத் தெரியாத வியர்வைக்கு மேலே அடிக்கிறீர்கள். காலை பத்து மணிக்கும் பின்னேரம் மூன்றுக்கும் இடையில் செய்யுங்கள். கொம்பிரசர் தாங்கியின் அடி வால்வைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிட்டுத் தொடங்குங்கள், ஒரு கோப்பை வந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். அவசரம் இல்லை என்றால் ஜனவரி, பெப்ரவரி நல்ல மாதங்கள். இரண்டு டின் கலக்கிற பெயின்ட் எதற்கும் மூக்கில் துணி கட்டுவது முகமூடி ஆகாது. இந்த எபொக்சிக்கு இரசாயன ஆவிக்குரிய வடிகட்டி உள்ளது வேண்டும்.

எபொக்சி காய்ந்த பிறகு எத்தனை மணி நேரத்துக்குள் மேலே பூசலாம் என்று டின்னில் எழுதியிருக்கும். அதற்குள் சீலர் போட்டால் நேரே பிடிக்கும். நாள் கடந்துவிட்டால் சிவப்பு ஸ்கொட்ச் பிரைட் தேய்ப்புப் பஞ்சால் பளபளப்புப் போக உராய்ந்து, தூசி துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

எந்தச் சீலர்? பட்டியை முதலில் தள்ளி வைப்போம். காய்ந்த பட்டி கல் மாதிரி, ஈரத்தை வேறு உறிஞ்சும். தரையோ கார் ஒவ்வொரு குழியில் விழும்போதும் கொஞ்சம் முறுகும். கல் முறுகாது, வெடிக்கும். வெடிப்புக்குள் தண்ணீர் போனால் பட்டியே ஈரத்துணி மாதிரி வைத்துக்கொண்டிருக்கும். பாஸ் மேல் குறை சொல்வதற்கில்லை. அவர் பழகிய காலத்தில் கிடைத்ததை வைத்து வேலை செய்து பழகிவிட்டார்.

குளியலறைச் சிலிக்கன் இன்னும் மோசம். புளிச்ச மணம் வருகிறதே, அது வினாகிரி அமிலம், காயும்போது வெளியே விடுகிறது. வெறும் இரும்பில் பட்ட இடத்தில் அதுவே கறளைத் தொடக்கி வைக்கும். அது போகட்டும், சிலிக்கனுக்கு மேலே எந்தப் பெயின்டும் நிற்காது. கராஜில் ஒருவர் சிலிக்கன் பூசிய கையோடு பக்கத்துக் காரைத் தொட்டால் அந்தக் காரின் பெயின்டில் மீன்கண் மாதிரிக் குழிகள் விழும். நான் பார்த்திருக்கிறேன். அதன்பிறகு எத்தனை தடவை தேய்த்தாலும் அது முழுதாகப் போவதில்லை.

வாங்க வேண்டியது வாகன உடலுக்கென்று எழுதிய பொலியூரிதேன் சீலர் அல்லது எம்எஸ் பொலிமர். சிக்காஃபிளெக்ஸ் என்று கேட்டால் கடைக்காரர் எடுத்துத் தருவார், ஆனால் அதே பெயரில் கட்டட வேலைக்கும் பல டியூப்கள் உண்டு. நம்பரையும், எதற்கென்று எழுதியிருக்கிறது என்பதையும், முடிவுத் திகதியையும் பாருங்கள். அழுத்திப் பார்த்து டியூப் கல்லாக இருந்தால் திருப்பிக் கொடுங்கள். இந்த வகைகள் காற்றின் ஈரத்தை வாங்கித்தான் இறுகும். பிரைமருக்கு எதிரியான கொழும்பு ஈரம் இங்கே நமக்கு உதவி, தோல் சீக்கிரமே கட்டிவிடும். அதற்காக உள்ளேயும் காய்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். வெளியிலிருந்து உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகிக்கொண்டு போகும். டின்னில் வருகிற, பிரஷ்ஷால் பூசுகிற கரைப்பான் வகையும் உண்டு. மலிவு, ஆனால் காயக் காயச் சுருங்கும். மூலை முடுக்குகளுக்கு மட்டும் பரவாயில்லை.

பூசும் விதம். டியூபின் மூக்கைச் சாய்வாக வெட்டுங்கள், வாய் ஐந்து மில்லிமீட்டர் போதும். பொருத்தின் இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள், நடுவில் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விட்டு. துப்பாக்கியை இழுத்துக்கொண்டு போகாமல் முன்னால் தள்ளிக்கொண்டு போங்கள். தள்ளினால் சீலர் இடுக்குக்குள் அமுங்கும், இழுத்தால் மேலே படுத்துக்கொள்ளும். அடியில் காற்றுக் குமிழ் நின்றால் பிறகு வெயிலில் ஊதி வெடிக்கும். ஒரு முழ நீளம் போட்டதும் நிறுத்தி, தட்டையான சின்ன பிரஷ்ஷால் நீள வாக்கில் ஒரே இழுவை. கம்பெனியில் வந்த கார்களின் தரையைப் பார்த்தால் அந்தப் பிரஷ் கோடுகள் அப்படியே தெரியும், அதனால் இப்படிச் செய்வது பார்வைக்கும் பழைய காருக்குப் பொருத்தம். விரலால் தடவுவதானால் கையுறை போட்டு, சவர்க்காரத் தண்ணீரில் விரல் நனைகிற அளவு மட்டும் தொட்டுத் தடவுங்கள். பெயின்டுக்கு முன் அந்தச் சவர்க்காரத்தைத் துடைத்து எடுக்க வேண்டும். ஸ்பிரிட் தொட்டுத் தடவாதீர்கள். வழுக்கிக்கொண்டு அழகாக வரும், ஆனால் பொலியூரிதேன் இறுகுவதை ஸ்பிரிட் குழப்பிவிடும். மேல்தோல் எத்தனை நாள் போனாலும் பிசுபிசுவென்று நிற்கும்.

வழித்து வழித்துக் கடதாசி மாதிரி மெலிய வைக்கவும் கூடாது. பொருத்துக்கு நேர் மேலே இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனம் நிற்க வேண்டும், ஓரம் மட்டும் மெலிந்து தகட்டோடு கலக்க வேண்டும். தோல் கட்டுவதற்கு முன்பே டேப்பை உரியுங்கள். தேநீர் குடித்துவிட்டு வந்து உரிக்கலாம் என்று போனால் சீலரும் சேர்ந்து வரும்.

மேலா கீழா என்றால் இரண்டும். கீழே ரோட்டுத் தண்ணீருக்கு. மேலே ஈரச் சப்பாத்துக்கும், குடைத் தண்ணீருக்கும், முன் கண்ணாடி இறப்பரால் வழிகிறதற்கும். இரண்டு பக்கமும் அடைத்தால் உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளாதா என்று கேட்பார்கள். நனைந்த பொருத்தை அடைத்தால் மாட்டிக்கொள்ளும், உண்மைதான். அதனால்தான் முதலில் வெயிலில் ஒரு நாள் நிறுத்தி, பொருத்துக்குள் காற்றடித்து, காய்ந்த பிறகு பிரைமர் கொடுக்கச் சொல்கிறேன்.

அடைக்கக் கூடாதவைக்கு வருகிறேன். இது நான் பணம் கொடுத்துப் படித்த பாடம். ஓர் ஒஸ்டின் கார், தரை முழுக்க நானே மாற்றியது. சீலர் பூசும்போது தரையில் இறப்பர் மூடி போட்ட நாலைந்து ஓட்டைகள் இருந்தன. மூடிகள் இற்றுப்போயிருந்தன. புதிய மூடி தேட அலுப்பில், ஓட்டைகளைத் தகட்டால் அடைத்துச் சீலர் பூசி, வழுவழுவென்று முடித்துக் கொடுத்துவிட்டேன். கார்க்காரருக்கும் சந்தோஷம். நவம்பர் மழை முடிந்து வந்தார். கம்பளத்தைத் தூக்கினால் இரண்டு அங்குலம் தண்ணீர், தெளிந்து நிற்கிறது. கண்ணாடி இறப்பரால் வந்தது, போக வழியில்லை. என் பொருத்து ஒன்றும் ஒழுகவில்லை. அதுதான் பிரச்சினையே. ஒழுகாத தொட்டி செய்து கொடுத்திருக்கிறேன். கறள் மேலிருந்து கீழ்நோக்கித் தின்னத் தொடங்கியிருந்தது. ஓட்டைகளைத் திரும்பத் துளைத்து, பஞ்சிகாவத்தையில் பொருந்துகிற இறப்பர் மூடி வாங்கிப் போட்டேன். கூலி வாங்கவில்லை.

ஆகவே தரை ஓட்டைகளுக்கு இறப்பர் மூடிதான், கழற்றக் கூடியதாக. கதவுக்குக் கீழே ஓடுகிற பெட்டிச் சட்டத்தின் அடி ஓரத்தில் சின்ன வெட்டுகள் இருக்கும், அவை உள்ளே போகிற தண்ணீர் வெளியேற. சீலரும் தாரும் முதலில் அடைப்பது அவற்றைத்தான். வேலை முடிந்ததும் ஒரு கம்பியை விட்டுப் பாருங்கள். பெட்டிச் சட்டங்களின் உட்புறத்துக்குச் சீலர் இல்லை, மெழுகு வகைத் திரவத்தை நீளக் குழாயால் உள்ளே ஸ்பிரே பண்ணுவார்கள். அது இறுகாமல் ஊர்ந்து, பொருத்துக்குள் பின்பக்கமாகப் போய்ச் சேரும். இதைக் கடைசியாக, எல்லாப் பெயின்டும் முடிந்த பிறகு செய்யுங்கள். முதலில் செய்தால் வழிகிற மெழுகு மேல் ஒன்றும் பிடிக்காது.

மைனருக்கென்று இரண்டு விசயம். கியர் பெட்டிக்கு மேலே இருக்கிற மூடி திருகாணியால் பூட்டியது, கிளச் வேலைக்கு அதைக் கழற்ற வேண்டும். அதைப் பொலியூரிதேன் போட்டு ஒட்டிவிட்டால் அடுத்த தடவை கழற்றுகிற பாஸ் உங்களை வாழ்த்தமாட்டார். இறுகாத பசை நாடா அல்லது மெல்லிய இறப்பர் கீற்று வைத்துப் பூட்டுங்கள். மற்றது, பிரேக் மாஸ்டர் சிலிண்டர். மைனரில் அது சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பிரேக் ஒயில் ஊற்றுவது தரையில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்துதான். புதிய தகட்டில் அந்த வழி சரியாக வந்திருக்கிறதா பாருங்கள், அதன் மேல் சீலர் போடாதீர்கள். ஊற்றும்போது சுற்றிவர துணி வையுங்கள், பிரேக் ஒயில் பட்டால் நீங்கள் இவ்வளவு பாடுபட்டு அடித்த பெயின்ட் சுருண்டு எழும்பும். பழைய தரை அந்த இடத்தில் முதலில் போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கலாம்.

உங்கள் கூட்டாளியிடம் வொக்ஸ்வாகன் பீட்டில் கார் இருக்கிறது என்றீர்கள். அதில் தரைப் பாதிகள் நடுக் குழாய்ச் சட்டத்தோடு வெல்ட் ஆகிற பொருத்துக்கு மேலே சொன்னது எல்லாம் பொருந்தும். ஆனால் உடல் தரையோடு போல்ட்டில் பூட்டுகிற இடத்தில் இறப்பர் கீற்றுத்தான் இருக்க வேண்டும், சீலர் அல்ல. அதோடு பின் சீட்டுக்குக் கீழே வலப்பக்கம் பற்றரி இருக்கிற இடத்தை அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிவிட்டே பிரைமர் பக்கம் போகச் சொல்லுங்கள். அமிலம் அங்கே எத்தனை வருஷமாகச் சொட்டியதோ.

கீழ்ப்பக்கம் சீலர் இறுகிய பிறகு பெயின்ட், பிறகு கல் தெறிப்புத் தாங்குகிற இறப்பர் கலந்த அண்டர்கோட். வெறும் தாரை நான் விரும்புவதில்லை. வெயிலும் மழையும் மாறி மாறிப் பட்டு ஓரத்தில் விட்டுக்கொடுக்கும், விட்ட இடத்தில் தண்ணீர் போய்ப் படுத்துக்கொள்ளும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. பழைய எஞ்சின் ஒயிலை டீசலோடு கலந்து அடியில் அடிக்கிற வழக்கம் இன்னும் இருக்கிறது. இறப்பர் புஷ்களை ஊத வைக்கும், சீலர் ஓரத்தையும் இளக்கும். செய்யாதீர்கள். அதற்குப் பதிலாக மாதம் ஒரு தடவை வெறும் தண்ணீரால் அடியைக் கழுவுங்கள், கடற்கரை ஓரத்துக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

சோதிப்பதற்கு, பிரைமருக்கும் முன்பே இரவில் ஒரு தடவை. கராஜ் லைட்டை அணைத்து, காருக்கு அடியில் ஒருவர் ரோர்ச்சைப் பொருத்தோடு நகர்த்திக்கொண்டு போக, உள்ளே இன்னொருவர் குனிந்து பார்க்க வேண்டும். ஊசி முனை வெளிச்சம் தெரிகிற இடத்திலெல்லாம் சோக்கட்டியால் வட்டம். தண்ணீர்த் தாங்கி செய்கிறவர்கள் ஒரு பக்கம் சுண்ணாம்பும் மறுபக்கம் மண்ணெண்ணெயும் பூசி ஒழுக்குக் கண்டுபிடிப்பார்கள், கெட்டிக்கார முறை, ஆனால் நமக்கு ஆகாது. மண்ணெண்ணெய் பொருத்துக்குள் ஏறினால் பிரைமர் பிடிக்காது. எல்லாம் முடிந்த பிறகு தண்ணீர்ச் சோதனை. குழாயை முதலில் கீழே, அடித்தட்டுக்கு மட்டும் பத்து நிமிடம். பிறகு கதவடி. பிறகு முன் கண்ணாடி. ஒரேயடியாக மேலிருந்து ஊற்றினால் எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் தரையைக் குறை சொல்வீர்கள். பாதி நேரம் தரை ஈரத்துக்குக் காரணம் தரையே இல்லை. கண்ணாடி இறப்பர், பெடல் துளை இறப்பர், பிற்காலத்தில் ஏசி பூட்டிய காராக இருந்தால் அதன் தண்ணீர்க் குழாய் அடைத்து இடப்பக்கக் கம்பளத்துக்குள் இறங்குவது, இவைதான்.

சத்தம் அடக்கும் தார்ப் பாய்களைப் பொருத்துக்கு மேலே ஒட்டாதீர்கள், பொருத்துக்குப் பொருத்து இடையில் மட்டும். பொருத்து கண்ணுக்குத் தெரிய வேண்டும். கம்பளத்துக்கு அடியில் சணல் பஞ்சு போடுகிற பழைய வழக்கத்தையும் விடுங்கள், ஒருமுறை நனைந்தால் கொழும்பில் அது காய்வதே இல்லை. கம்பளத்தையே உடனே போட வேண்டாம். இரண்டு நல்ல மழை பார்க்கட்டும். அதுவரைக்கும் வெறும் இறப்பர் விரிப்பைப் போட்டு ஓடுங்கள். மழை விட்ட அன்றே விரிப்பைத் தூக்கி, பொருத்து நெடுக ஒரு பழைய செய்தித்தாளை அழுத்திப் பாருங்கள். தாளில் ஈரம் கோடாக ஏறினால் பொருத்து, வட்டமாக ஏறினால் மேலிருந்து சொட்டுகிறது.